புலம்பெயர்ந்த குடும்பங்களில் வளரும் பிள்ளைகளின் நலம்: ஒன்ராறியோப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்து ஒன்ராறியோவில் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்காக எழுதியது. இங்கே பிள்ளைகளுக்கான உதவிகள் நிறைய உண்டு. ஆனால் அவை வீடு தேடி வருவதில்லை, நாமாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எதை, யாரிடம், எப்போது கேட்பது என்று தெரியாததால் பிள்ளைகள் இழப்பது அதிகம். உங்கள் பிள்ளைக்கென்று ஒரு மருந்தையோ சிகிச்சையையோ முடிவு செய்யும்போது வைத்தியரிடம் பேசியே செய்யுங்கள்.

வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. பிள்ளைக்கு வருத்தம் வந்தால் செலவு யாருடையது?

அது உங்கள் குடிவரவு நிலையைப் பொறுத்தது. நிரந்தர வதிவிட உரிமையோடு வந்திருந்தால், வந்த வாரமே சர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்தில் ஓஹிப் (OHIP, ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) அட்டைக்கு விண்ணப்பியுங்கள். குடிவரவு நிலை, ஒன்ராறியோ முகவரி, அடையாளம் ஆகிய மூன்றையும் காட்டும் மூல ஆவணங்கள் வேண்டும். முன்பு மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2020 மார்ச்சிலிருந்து அந்தக் காத்திருப்பு இல்லை. பழைய ஆட்களின் பேச்சைக் கேட்டு, காய்ச்சல் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள்.

அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் உண்டு. எல்லா வைத்தியர்களும் அதில் இல்லை. அந்தத் திட்டத்தின் கணக்குகளைப் பார்க்கும் மெடாவி புளூ குரொஸ் நிறுவனத்தில் பதிந்த வைத்தியரும் மருந்துக்கடையும்தான் அதை ஏற்பார்கள். நேரம் குறிக்கத் தொலைபேசி எடுக்கும்போதே இதைக் கேட்டுவிட்டால், வாசலில் திரும்பி வரும் அலைச்சல் இருக்காது. பெற்றோரின் கோரிக்கை இன்னும் நிலுவையில் இருந்தாலும், இங்கே பிறந்து இங்கேயே வாழும் பிள்ளைக்கு ஓஹிப் உண்டு. கையில் எந்த அட்டையும் இல்லையென்றால் சமூக சுகாதார நிலையங்களுக்குப் போங்கள். ஓஹிப் இல்லாதவர்களையும் அங்கே பார்க்கிறார்கள்.

ஓஹிப் உள்ள, தனியார் மருந்துக் காப்புறுதி இல்லாத 24 வயது வரையானோருக்கு, அரசுப் பட்டியலில் உள்ள மருந்துகள் இலவசம். அன்டிபயோட்டிக்கும் ஆஸ்துமா பம்பும் இதில் அடங்கும். தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை. மருந்துச்சீட்டோடு ஓஹிப் அட்டையைக் கொடுத்தால் போதும்.

விசா முடிந்துவிட்டது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்களா?

சேர்க்க வேண்டும். பிள்ளையோ பெற்றோரோ சட்டப்படியான நிலை இல்லாமல் கனடாவில் இருக்கிறார்கள் என்பதற்காக 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை மறுக்கக் கூடாது என்று ஒன்ராறியோவின் கல்விச் சட்டம், பிரிவு 49.1, சொல்கிறது. அலுவலகத்தில் தயங்கினால் அந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள்.

ஊரில் எல்லா ஊசியும் போட்டாயிற்று. பிறகும் ஏன் 'ஊசி குறைகிறது' என்று கடிதம் வருகிறது?

மூன்று காரணங்கள் இருக்கலாம்; பெரும்பாலும் முதலாவதுதான். ஊசி போட்டதை வைத்தியர் தானாகவே பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிப்பார் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். இங்கே அது பெற்றோரின் பொறுப்பு. ஊரில் போட்டதையும் இங்கே போட்டதையும் நீங்கள்தான் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். 'இம்யூனைசேஷன் கனெக்ட் ஒன்ராறியோ' இணையப் பக்கத்தில் பதியலாம், தொலைபேசியிலும் சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பிரதி அங்கே போய்ச் சேரும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

இரண்டாவது, போட்ட வயது. இலங்கையில் எம்.எம்.ஆர். (தட்டம்மை, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசி 9ஆம் மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. இந்தியாவின் அரசு அட்டவணையிலும் முதல் தட்டம்மை ஊசி 9 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள். ஆனால் ஒன்ராறியோவில் முதலாவது பிறந்தநாளன்றோ அதற்குப் பிறகோ போட்டதுதான் கணக்கில் சேரும். ஆகவே ஊரில் இரண்டு போட்ட பிள்ளைக்கு இங்கே ஒன்றுதான் போட்டதாகப் பதிவாகும், இன்னொன்று தேவைப்படும். இந்தியாவில் போடும் எம்.ஆர். ஊசியில் கூகைக்கட்டுக்கான (பொன்னுக்கு வீங்கி) பகுதி இல்லை என்பதையும் பாருங்கள்.

மூன்றாவது, ஊர் அட்டவணையில் இல்லாத ஊசிகள். 2010இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குக் கொப்புளிப்பான் (சின்னம்மை) ஊசி இங்கே கட்டாயம். மூளைச்சவ்வு அழற்சியைத் தடுக்கும் மெனிங்கோகொக்கல் ஊசியும் அப்படியே. இந்த இரண்டும் இரு நாட்டு அரசு அட்டவணையிலும் இல்லை. இலங்கையில் 5 வயதில் போடும் டி.டி. (டிப்தீரியா, டெட்டனஸ்) ஊசியில் கக்குவானுக்கான பகுதி இல்லாததால், அதற்கும் ஒரு ஊசி மீதமிருக்கும்.

கடிதத்தைப் பேசாமல் வைத்துவிட்டால் பிள்ளையை 20 பள்ளி நாட்கள் வரை இடைநிறுத்த முடியும். விவரம் போய்ச் சேர்ந்ததும் பிள்ளை திரும்பலாம். எம்.எம்.ஆர்., கொப்புளிப்பான் ஆகிய இரண்டு உயிர்த் தடுப்பூசிகளையும் ஒரே நாளில் போடலாம். இல்லையென்றால் நான்கு வார இடைவெளி தேவை. காசநோய்த் தோல் பரிசோதனையும் எம்.எம்.ஆர். போடும் அதே நாளிலோ நான்கு வாரம் கழித்தோதான். இடையில் செய்தால் முடிவு பொய்க்கலாம்.

ஊசிப் பதிவேடு போரிலோ பயணத்திலோ தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் ஊரில் தேடுங்கள். பிறந்த வைத்தியசாலை, குடும்ப நல உத்தியோகத்தர், படித்த பள்ளிக்கூடம் எங்காவது பிரதி இருக்கலாம். உறவினர் ஒருவர் படமெடுத்து அனுப்பினாலும் உதவும். கிடைக்கவே இல்லையென்றால் புதிதாகத் தொடங்குவார்கள். ஏற்கெனவே போட்ட எம்.எம்.ஆர். ஊசியைத் திரும்பப் போட்டால் கெடுதி இல்லை. ஏர்ப்பு (டெட்டனஸ்) ஊசி பல தடவை போட்டால் கை கடுமையாக வீங்கக்கூடும். அப்படி நடந்தால் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பனடோல் பாணி (சிரப்) இருக்கிறது. காய்ச்சலுக்குக் கொடுக்கலாமா?

இந்த இடத்தில் நடக்கும் தவறு ஆபத்தானது, ஆறுதலாக வாசியுங்கள். பனடோல், கல்போல், பரசிட்டமோல், டைலெனோல் எல்லாம் ஒரே மருந்து. இங்கே போத்தலில் அசெட்டமினோபென் என்று எழுதியிருக்கும். அம்மா டைலெனோலும் அம்மம்மா பனடோலும் கொடுத்தால் பிள்ளைக்கு இரட்டை அளவு போய்விடும், ஈரல் பாதிக்கப்படும்.

செறிவும் வேறு. ஊர்ப் பாணியில் வழக்கமாக 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம். இந்தியாவில் 250 மில்லிகிராம் பாணியும் விற்கிறது. கனடாவில் சிறுவர் பாணியில் 5 மில்லிலீட்டரில் 160 மில்லிகிராம். கைக்குழந்தைச் சொட்டு மருந்தில் ஒரே ஒரு மில்லிலீட்டரில் 80 மில்லிகிராம். ஊர்ப் பழக்கத்தில் அந்தச் சொட்டு மருந்தை ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீட்டர், கொடுத்தால் 400 மில்லிகிராம் உள்ளே போகிறது. 10 கிலோ நிறையுள்ள குழந்தைக்கு வேண்டியதோ 100 முதல் 150 மில்லிகிராம்தான்.

கணக்கு இதுதான்: ஒரு தடவைக்கு, ஒரு கிலோ நிறைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் ஐந்து தடவைக்கு மேல் கூடாது. போத்தலோடு வரும் சிரிஞ்சால் அளவுங்கள், சமையலறைக் கரண்டி வேண்டாம். கொடுத்த நேரத்தைக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டிய தாளில் எழுதுங்கள்; பல பேர் பிள்ளை பார்க்கும் வீட்டில் இது மிகவும் அவசியம்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகையோ அதற்கு மேலோ காய்ச்சல் என்றால் மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. மற்ற நேரங்களில் 811 இலக்கத்தை அழைத்தால் இரவு பகல் எந்நேரமும் ஒரு தாதி பேசுவார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கும் இருமல் பாணி கொடுக்கக் கூடாது.

என் பிள்ளை சோறு தொடுவதில்லை, பால் மட்டும்தான். பால் சத்துத்தானே?

பாலில் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம், வயிற்றையும் நிரப்பிவிடும். ஒரு வயதுக்கு மேல் பசுப்பால் நாளொன்றுக்கு 500 மில்லிலீட்டர் போதும், 750ஐத் தாண்டவே கூடாது. போத்தலில் குடிக்கும் இரண்டு வயதுப் பிள்ளை ஒரு லீட்டர் குடித்து, வெளிறிப்போய், சினந்துகொண்டு, மண்ணையோ ஐஸ்கட்டியையோ தின்னத் தேடுவது வைத்தியர்கள் அடிக்கடி காணும் காட்சி. 12 முதல் 18 மாதத்துக்குள் போத்தலை நிறுத்திக் கோப்பைக்கு மாற்றுங்கள். வாயில் பால் போத்தலோடு தூங்கும் பிள்ளைக்கு முன்பற்களும் சொத்தையாகும்.

ஆறு மாதத்திலிருந்தே இரும்புச்சத்து உள்ள உணவு வேண்டும்: குழைத்த ஆட்டிறைச்சி, கோழித் தொடை, முட்டை, மைசூர்ப் பருப்பு, கடலை, இரும்பு சேர்த்த குழந்தை மா. பருப்போடு தேசிக்காய்ப் புளியோ தக்காளியோ சேர்த்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். தேத்தண்ணீர் அதைத் தடுக்கும். பிள்ளைக்குத் தேத்தண்ணீர் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. மாதக்கணக்கில் இரும்பு மருந்து கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், தலசீமியாக் கூறு (பரம்பரையாக வரும் ஓர் இரத்தக் குறைபாட்டின் மரபணுவைச் சுமப்பது) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் மக்களிடையே அது இருக்கிறது. அதன் இரத்த அறிக்கை இரும்புக் குறைவு போலவே தெரியும். கூறு மட்டும் இருந்தால் அது நோய் இல்லை, அதற்கு இரும்பு மருந்தும் உதவாது. ஆனால் கணவன், மனைவி இருவருக்கும் கூறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடும் தலசீமியா வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்து, பிள்ளை வளர்ந்ததும் சொல்லுங்கள்.

வைட்டமின் டி சொட்டு உண்மையில் தேவையா?

தேவை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 அலகு. நம்மைப் போலக் கருமையான தோல் உள்ள குழந்தைகளுக்கு ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை 800 தேவைப்படலாம் என்கிறது கனேடியக் குழந்தை மருத்துவர் சங்கம். வைத்தியரிடம் கேட்டுக் கூட்டுங்கள். வாங்கும்போது போத்தலைப் பாருங்கள்: சிலவற்றில் ஒரு சொட்டிலேயே 400 அலகு, சிலவற்றில் ஒரு மில்லிலீட்டரில்தான் 400. ஒரு சொட்டு வகையைச் சொட்டுக்குழாய் நிறைய ஊற்றினால் அளவு பல மடங்காகும்.

ஊர்ப் பழக்கங்களில் எவற்றை விட வேண்டும்?

பெரும்பாலானவற்றை விடத் தேவையில்லை. எண்ணெய் பூசிக் குளிப்பாட்டுவது, தாலாட்டு, பத்தியச் சாப்பாடு, பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்வது எல்லாம் நன்மையே. பின்வருவனவற்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

கர்ப்பூரத்தை வெள்ளைக் கட்டியாகக் கண்ட பிள்ளை இனிப்பென்று விழுங்கும். சிறிதளவு விழுங்கினாலே வலிப்பு வரக்கூடும். சாமி அறையில் எட்டாத உயரத்தில் மூடி வையுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் 1-844-764-7669 இலக்க நஞ்சு நிலையத்தை அழையுங்கள்; வலிப்பு வந்தால் 911. ஊரிலிருந்து வரும் கண்மை, சுர்மா ஆகியவற்றில் ஈயம் (காரீயம்) இருப்பது திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டிருக்கிறது. குழந்தையின் கண்ணில் பூச வேண்டாம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் செய்ய வேண்டியது. காரீயம் கலந்திருந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, புளி அதைக் கரைத்து ரசத்தில் சேர்க்கும். பஸ்பம், செந்தூரம் வகை மருந்துகளும் அப்படித்தான். இவற்றைப் பயன்படுத்தியிருந்தால் இரத்தத்தில் ஈய அளவு பார்க்கக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு வயதுக்குள் தேன் கூடாது. கழுத்தில் கறுப்புக் கயிறோ சங்கிலியோ போட்டபடி தூங்க வைக்கக் கூடாது. நடைவண்டி, அதாவது குழந்தையை உள்ளே இருத்தி உருட்டும் சக்கர வண்டி, 2004இலிருந்து கனடாவில் தடை. பழையதை விற்பதும் குற்றம். மாடிப்படியில் உருண்டு தலை உடைந்த குழந்தைகளால் வந்த தடை அது.

பிள்ளையின் கழுத்து கறுத்திருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லையே?

தேய்க்காதீர்கள். பின்கழுத்திலும் கக்கத்திலும் தடித்து, வெல்வெட்டுப் போலக் கறுப்பது அழுக்கு அல்ல. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். தெற்காசியப் பிள்ளைகளுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்து அதிகம். பிள்ளைக்கு நிறை கூட, வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ 'சீனி வருத்தம்' இருந்தால் வைத்தியரிடம் காட்டி, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரை) பரிசோதனையும் கேளுங்கள்.

முதலில் குறைக்க வேண்டியது குடிப்பவற்றை. 355 மில்லிலீட்டர் சோடா ஒரு ரின்னில் ஏறத்தாழ 10 தேக்கரண்டி சீனி. பெட்டி ஜூஸும் நன்மையானது அல்ல. குளிர்காலத்தில் பிள்ளை வீட்டுக்குள்ளேயே கிடப்பது அடுத்தது. ரொறன்ரோ மாநகரில் வருமானம் குறைந்த குடும்பங்கள் 'வெல்கம் பொலிசி' என்ற திட்டத்தில் பதிந்தால் நீச்சல், விளையாட்டு வகுப்புக் கட்டணத்துக்கு உதவி கிடைக்கும். வகுப்புகள் திறந்த சில நிமிடங்களில் நிரம்பிவிடுவதால், முன்கூட்டியே பதிந்து வையுங்கள்.

வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையா?

இல்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வது பேச்சைத் தாமதப்படுத்தாது. 'வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்' என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பேசினால், பிள்ளை கேட்கும் பேச்சு குறைந்துபோகும். அம்மம்மாவோடு உறவும் அறுந்துபோகும். சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள்: 'தண்ணி', 'போல்' (ball, பந்து), 'மாமா' என்றால் மூன்று சொல்.

அதே நேரத்தில் 'அப்பாவும் பிந்தித்தான் பேசினவர்' என்று விட்டுவிடவும் கூடாது. 12 மாதத்தில் மழலை இல்லை, கை காட்டுவதில்லை. 18 மாதத்தில் எந்த மொழியிலும் ஒரு சொல்கூட இல்லை. 24 மாதத்தில் 'பால் தா' போல இரண்டு சொல் சேரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வந்த சொல் மறைகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் செவிப்புலன் பரிசோதனை. அதோடு ஒன்ராறியோவின் பாலர் பேச்சு, மொழித் திட்டத்தில் பதியுங்கள். வைத்தியர் கடிதம் தேவையில்லை, பெற்றோரே அழைத்துப் பதியலாம். காத்திருப்பு இருக்கும் என்பதால் சந்தேகம் வந்த அன்றே அழையுங்கள். 18ஆம் மாதப் பரிசோதனை ஊசிக்காக மட்டும் அல்ல, வளர்ச்சியை விரிவாகப் பார்ப்பதற்கானது. கேள்வித்தாளை வாசிக்காமல் எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டுவிடாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் சாப்பிடுவதில்லை, கழிப்பறைக்கும் போவதில்லை. ஏன்?

ஊட்டிவிட்டுப் பழகிய பிள்ளைக்கு இருபது நிமிடத்தில் தானே சாப்பிட்டு முடிக்கத் தெரியாது. வகுப்புத் தொடங்க ஒரு மாதம் முன்பே, அதே பெட்டியை வீட்டில் தானே திறந்து, கரண்டியால் சாப்பிடப் பழக்குங்கள். தேர்மோஸில் சோறு வைப்பதென்றால், கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, கொட்டிய பிறகு சூடான சோற்றை வையுங்கள். அப்போதுதான் மதியம் வரை சூடு நிற்கும். கச்சானும் (நிலக்கடலை) கஜுவும் (முந்திரி) அனுப்ப வேண்டாம், மற்றப் பிள்ளைகளுக்கு ஒவ்வாமை இருக்கலாம்.

கழிப்பறையில் தண்ணீர் இல்லாததால் நாள் முழுக்க அடக்கும் பிள்ளைகள் பலர். அதனால் மலச்சிக்கல், வயிற்றுவலி, சிறுநீர்த் தொற்று. குடித்தால் போக வேண்டிவரும் என்று தண்ணீரும் குடிக்காமல் இருப்பார்கள். தாளால் துடைக்க வீட்டிலேயே பழக்குங்கள், பையில் ஈரத் துடைதாள் வைத்துக் குப்பையில் போடச் சொல்லுங்கள், ஆசிரியரிடமும் தெரிவியுங்கள்.

வைத்தியரிடம் பிள்ளையை மொழிபெயர்க்க விடலாமா?

வேண்டாம். அம்மாவின் கட்டி பற்றியோ அப்பாவின் மனச்சோர்வு பற்றியோ பத்து வயதுப் பிள்ளை சொல்லக் கூடாது. சொல்லத் தெரியாததைப் பிள்ளை விட்டுவிடும், பயந்ததை மறைக்கும், பிறகு அதைத் தன் தோளில் சுமக்கும். பெரிய வைத்தியசாலைகளில் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் இலவசம். நேரம் குறிக்கும்போதே 'தமிழ் இன்டர்பிரிட்டர்' என்று இரண்டு சொல் சொன்னால் போதும்.

அடித்தால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களா?

பெற்றோர் பிள்ளையை அடிப்பதற்கு 2004இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் வரம்பிட்டது: இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களையும் பதின்வயதினரையும் அடிக்கக் கூடாது, தடி, இடுப்புவார் போன்ற எதனாலும் கூடாது, தலையிலோ முகத்திலோ கூடாது. பிள்ளைக்குத் தீங்கு நடப்பதாகச் சந்தேகித்தால் ஆசிரியரும் வைத்தியரும் சிறுவர் உதவிச் சங்கத்துக்கு (Children's Aid Society) அறிவித்தே ஆக வேண்டும். அது அவர்களுக்குச் சட்டக் கடமை. அறிவித்ததும் பிள்ளையைப் பிரிப்பது வழக்கமல்ல, அது கடைசி வழி. பெரும்பாலும் ஒரு பணியாளர் வீட்டுக்கு வந்து பேசுவார். அப்போதும் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். இந்தப் பயத்தால் விழுந்து கை முறிந்த பிள்ளையைக்கூட வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தயங்குவதுதான் பெரிய கெடுதி. சட்டம் எதுவாயினும், அடிக்காமல் வளர்ப்பதே எங்கள் உறுதியான பரிந்துரை.

பதின்ம வயது மகள் அறைக்குள்ளேயே இருக்கிறாள். படிப்பும் குறைகிறது. இது வயசுக் கோளாறா?

தனிமை தேடுவது அந்த வயதின் இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, நண்பர்கள், விருப்பமான பொழுது எல்லாம் ஒன்றாக மாறினால் அது வேறு. நம் பிள்ளைகள் மனவலியை வயிற்றுவலி, தலையிடி என்றே சொல்வார்கள். 'உங்களுக்காகத்தானே இரண்டு வேலை செய்கிறோம்' என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தன் துன்பத்தைச் சொல்வதே நன்றிகெட்ட செயல் என்று நினைக்கும். போரைக் கண்ட பெற்றோர் 'நாங்கள் படாததா' என்றால் கதவு மூடிவிடும். காரில் போகும்போதோ காய்கறி நறுக்கும்போதோ, முகம் பார்க்காமல் பேச்சைத் தொடங்குங்கள். 'சாக வேண்டும் போல இருக்கிறதா' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. சொல்ல வழி பிறக்கும்.

'ஆம்' என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரைகளைப் பூட்டுங்கள், 988 தற்கொலைத் தடுப்பு உதவி இலக்கத்தை அழையுங்கள், உயிராபத்து உடனே என்றால் 911. கிட்ஸ் ஹெல்ப் போன் 1-800-668-6868 எந்நேரமும் இலவசம். பேச விரும்பாதவர் 686868க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

வைத்தியர் உங்களை வெளியே இருக்கச் சொன்னால் கோபம் வேண்டாம். ஒன்ராறியோவில் சிகிச்சைக்குச் சம்மதிக்கக் குறைந்தபட்ச வயது இல்லை. விளங்கிக்கொள்ளும் பிள்ளை தானே பேசலாம், இரகசியமும் காக்கப்படும். அந்தப் பத்து நிமிடத்தில் சொல்லப்படுவது சில வேளை உயிரைக் காக்கிறது.

பல்லுக்கும் கண்ணுக்கும் பணம் கட்ட வேண்டுமா?

19 வயது வரை ஆண்டுக்கு ஒரு கண் பரிசோதனையை ஓஹிப் ஏற்கும். பல்லுக்கு, குறைந்த வருமானக் குடும்பங்களின் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு 'ஹெல்தி ஸ்மைல்ஸ் ஒன்ராறியோ' உண்டு. வருமானமே இல்லாவிட்டாலும் தாயும் தகப்பனும் ஒவ்வோராண்டும் வரிக் கணக்கைப் பதியுங்கள். அது இல்லாமல் வருமானத்தைக் காட்ட முடியாது. பிள்ளைகள் நலக் கொடுப்பனவும் நின்றுபோகும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். என்ன ஆயத்தம்?

'எங்கள் ஊர்தானே' என்று போகிறவர்களின் பிள்ளைகள்தான் அதிகம் நோயோடு திரும்புகிறார்கள். நீங்கள் அங்கே வளர்ந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி இங்கே பிறந்த பிள்ளைக்கு இல்லை. ஆறு வாரம் முன்பே வைத்தியரைப் பாருங்கள். 6 முதல் 11 மாதக் குழந்தைக்குப் பயணத்துக்காக எம்.எம்.ஆர். முன்கூட்டிப் போடலாம், அது பின்னர் கணக்கில் சேராது. டைபொயிட் ஊசி இரண்டு வயதிலிருந்து, ஹெப்படைட்டிஸ் ஏ ஊசியும் கேளுங்கள். இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. இந்தியாவில் சில பகுதிகளில் இன்னும் உண்டு, ஆகவே போகும் மாவட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். டெங்கு இரண்டு இடத்திலும் உண்டு. அதைப் பரப்பும் நுளம்பு (கொசு) பகலில் கடிக்கும்.

நாய் கடித்தாலோ கீறினாலோ சோப்பும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே விசர்நாய்க்கடி ஊசியைத் தொடங்குங்கள். கனடா திரும்பும்வரை காத்திருக்கக் கூடாது. போட்ட ஊசிகளின் திகதியையும் பெயரையும் எழுதி வாங்குங்கள், மிகுதியை இங்கே தொடர அது வேண்டும். திரும்பிய பிறகு வரும் மாதங்களில் காய்ச்சல் வந்தால், பதிவு மேசையில் முதல் வசனமாகவே எந்த நாட்டுக்கு, எப்போது போய் வந்தீர்கள் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண வைரஸ் என்று வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். மலேரியாவும் டைபொயிட்டும் அதற்கெனக் கேட்கும் இரத்தப் பரிசோதனையில்தான் தெரியவரும்.